விண்ணப்பம் வாங்கும் தளத்துக்கு ரியாக்ட் எதற்கு?

வெண்பலகை:
எங்கள் குழுவில் புது வேலை ஒன்று தொடங்கியிருக்கிறது. உறுப்பினர் விண்ணப்பம் போடுவார். அலுவலர் அதைப் படித்து ஏற்பார், அல்லது குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புவார். மொத்த மென்பொருளும் இவ்வளவுதான். ஆனால் எத்தனை திரைகள், யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சே எழும் முன்பு, பிரவுசரில் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட், பக்கம் விட்டுப் பக்கம் போக அதற்கொரு ரௌட்டர், திரையின் நிலையை நினைவில் வைக்க ஸ்டேட் லைப்ரரி, ஃபார்ம் லைப்ரரி எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

இப்படிப்பட்ட தளத்துக்கு ஹெச்டிஎம்எல்லை (பிரவுசர் படித்துப் பக்கமாகக் காட்டும் உரையை) சர்வரே தயாரித்து அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. லிங்க் என்றால் என்ன, ஃபார்ம் என்றால் என்ன என்று பிரவுசருக்கே தெரியும். பேக் பட்டன் வேலை செய்யும். முகவரியை எடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம். லிங்கைப் புது டேபில் திறக்கலாம். என்டர் தட்டினால் ஃபார்ம் போகும். பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்பதையும் பிரவுசரே காட்டும். இதில் எதற்கும் நாம் ஒரு வரி கோட் எழுதுவதில்லை. ஒரே பக்கத்தை ஏற்றிவிட்டு மீதியை ஜாவாஸ்கிரிப்டே மாற்றிக் காட்டும் ஒற்றைப் பக்கச் செயலியாக மாற்றியதும் இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக நாமே திரும்ப எழுதுகிறோம். விட்டுப்போனவை பக் ரிப்போர்ட்டாக வருகின்றன.

ஆயுளையும் பாருங்கள். டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில் உருவாக்கிய முதல் வலைத்தளத்தின் பழைய பிரதி ஒன்றை செர்ன் மறுபடி ஏற்றி வைத்திருக்கிறது. இன்றைய போனில் அதைத் திறந்து படிக்கலாம், லிங்க்குகள் வேலை செய்கின்றன. 2010-ல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்குக்கோ 2022 ஜனவரியோடு அதிகாரப்பூர்வ ஆதரவு முடிந்துவிட்டது. அதை நம்பித் தளம் கட்டியவர்கள் எல்லோரும் ஒருமுறை இடம் மாற வேண்டியிருந்தது.

சுழற்குறி:
நண்பரே, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரியாக்ட் எந்த வலிக்கு மருந்தாக வந்தது என்பதை விட்டுவிட்டீர்கள்.

2006-ல் ஜெக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வந்த பிறகு நீங்கள் சொல்லும் முறையில்தான் பெரும்பாலான தளங்கள் இருந்தன. சர்வர் பக்கத்தைக் கொடுக்கும், மேலே கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தூவுவோம். ஒரு விண்ணப்பத்தை ஏற்றதும் பட்டியலில் அந்த வரியின் நிறம் மாற வேண்டும், மேலே நிலுவை எண்ணிக்கை ஒன்று குறைய வேண்டும், பக்கத்துப் பெட்டியில் அடுத்த விண்ணப்பம் வர வேண்டும். மூன்று இடத்தையும் மூன்று துண்டு கோட் கையால் மாற்றும். நாலாவதாக ஓர் இடம் சேரும்போது யாரோ ஒருவர் அதை மறப்பார். திரை ஒன்று சொல்லும், டேட்டாபேஸ் வேறொன்று சொல்லும்.

அதைவிட மோசம், ஒரே பட்டியல் வரியை இரண்டு முறை எழுதுவது. முதல் தடவை பக்கம் வரும்போது சர்வர் டெம்ப்ளேட்டில் ஒரு வடிவம். பிறகு ஏஜாக்ஸில், அதாவது பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் தரவு கேட்கும் முறையில், புது வரி வரும்போது ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு வடிவம். ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும். 2013-ல் ரியாக்ட் வெளிவந்தபோது, தரவைச் சொல், திரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. அந்த நிம்மதியை அனுபவித்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

பழைய சர்வர்:
சுழற்குறி சொல்லும் வலி உண்மைதான். ஆனால் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரே தகவலை பிரவுசரிலும் சர்வரிலும் இரண்டு பிரதிகளாக வைத்திருக்கும்போதுதான் வருகிறது. ஏற்றுக்கொள் என்ற பட்டனை அழுத்தினால் சர்வர் முழுப் பக்கத்தையும் புதிதாக அனுப்பட்டும். நிலுவை எண்ணிக்கை, வரியின் நிறம், அடுத்த விண்ணப்பம் மூன்றும் ஒரே டேட்டாபேஸ் படிப்பிலிருந்து வரும். முரண்படவே வழியில்லை.

முழுப் பக்கம் என்றதும் கனமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி இணைப்பு புதிதாகத் தொடங்கும்போது, மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் சுற்றிலேயே சர்வர் 10 பாக்கெட் (தரவுத் துண்டு) வரை அனுப்பலாம் என்பது 2013-ல் வந்த பரிந்துரை. கிட்டத்தட்ட 14 கேபி. சுருக்கி அனுப்பினால் ஒரு விண்ணப்பப் பட்டியலின் ஹெச்டிஎம்எல் அதற்குள் தாராளமாக அடங்கும்.

சுழற்குறி:
பக்கம் மறுபடி வரும்போது பயனர் பாதி எழுதி வைத்திருந்த குறிப்பு என்ன ஆகும்? அவர் ஸ்க்ரோல் செய்து வந்த இடம்? திறந்து வைத்திருந்த பெட்டி? அந்தத் தகவல்கள் சர்வருக்குத் தெரியவே தெரியாது. எல்லா ஸ்டேட்டும் டேட்டாபேஸில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசினால் இந்த விவாதம் நகராது.

இணைப்பு நடுவில் அறுந்தால்? நீளமான ஃபார்மை நிரப்பி அனுப்பும் நேரத்தில் நெட் போனால் பிரவுசர் தன் பிழைப் பக்கத்தைக் காட்டும். பேக் போனால் எழுதியது மிச்சமிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. என் கோட் பிரவுசரில் இருந்தால் அதைச் சேமித்து வைத்து, நெட் வந்ததும் மீண்டும் அனுப்புவேன். தன் உழைப்பு வீணாகாமல் இருக்க வேண்டும் என்று பயனர் எதிர்பார்ப்பதில் என்ன தப்பு?

வெண்பலகை:
தப்பே இல்லை. அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். தட்டத் தட்ட, பிரவுசரின் சொந்தச் சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜில் போட்டுவைத்து, பக்கம் திறந்ததும் திரும்ப நிரப்பினால் சரி. அந்த ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் ஃபார்ம் போகும். அந்த வரிசைதான் எனக்கு முக்கியம். உங்கள் முறையில் ஸ்கிரிப்ட் வந்து சேரவில்லை என்றால் பயனருக்கு வெள்ளைத் திரைதான் மிஞ்சும்.

இன்னொன்று. 200 கேபி படமும் 200 கேபி ஜாவாஸ்கிரிப்டும் ஒரே எடை அல்ல. படம் வந்ததும் பிரித்துக் காட்டினால் முடிந்தது. ஸ்கிரிப்டை பிரவுசர் படித்து, கம்பைல் செய்து, ஓட்ட வேண்டும். அது ஓடும்போது அதே த்ரெட்டில்தான் (ஒரே வேலை வரிசையில்தான்) பயனரின் தட்டலுக்கும் பதில் சொல்ல வேண்டும். நாம் நல்ல லேப்டாப்பில் சோதிப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. பழைய போன் வைத்திருப்பவருக்கு பட்டன் தெரியும், தட்டினால் ஒன்றும் நடக்காது. அவர் மறுபடி தட்டுவார், அப்புறம் மூடிவிட்டுப் போவார். போனவர் பக் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

பழைய சர்வர்:
பிறர் எழுதிய கோடைப் பேக்கேஜாகச் சேர்ப்பதன் ஆபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து நீக்கியதும் உலகம் முழுக்க பில்டுகள் நின்றன. 2018-ல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜின் பொறுப்பு கைமாறி, பிட்காயின் திருடும் கோட் அதற்குள் புகுந்தது. இதற்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டுத்தான் ஒரு விண்ணப்பப் படிவம் எழுத வேண்டுமா?

சுழற்குறி:
இந்த வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன், சார். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது அலறி அடித்துக்கொண்டு ஓடியவர்கள் சர்வர் ஆட்கள்தான். அது ஜாவா லைப்ரரி, பிரவுசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறர் எழுதிய கோடைச் சரிபார்க்காமல் சேர்ப்பது இரண்டு பக்கமும் இருக்கும் நோய்.

பட்டன் தெரிந்தும் வேலை செய்யாத அவஸ்தை பற்றி வெண்பலகை சொன்னது நியாயம். அதைக் குறைக்கத்தான் ரியாக்ட் ஆட்களே இப்போது சர்வரில் ஹெச்டிஎம்எல் தயாரிக்கிறார்கள், தேவையான காம்பொனென்ட்டுக்கு (திரையின் தனித் துண்டுக்கு) மட்டும் ஸ்கிரிப்ட் அனுப்புகிறார்கள்.

வெண்பலகை:
அதாவது சர்வருக்கே திரும்பி வந்துவிட்டீர்கள், நடுவில் இரண்டு அடுக்கு கூடுதலாக.

சுழற்குறி:
திரும்பி வரவில்லை. ஒரே மொழியில் ஒரே காம்பொனென்ட்டை இரண்டு பக்கமும் ஓட்ட முடிகிறது. நான் முதலில் சொன்ன இரண்டு வடிவப் பிரச்சினை இங்கே கிடையாது.

சரி, உங்கள் தளத்துக்கே வருகிறேன். விண்ணப்பம் போடுபவரின் பக்கங்களை சர்வரே தரட்டும், நான் எதிர்க்கவில்லை. வருடத்துக்கு ஓரிரு தடவை வருபவருக்கு முதல் திறப்பு வேகமாக இருந்தால் போதும். ஆனால் அலுவலர் நாள் முழுக்க அதே திரையில் உட்கார்ந்திருப்பார். இடப்பக்கம் ஆவணத்தின் ஸ்கேன், வலப்பக்கம் விண்ணப்பம். ஸ்கேனில் ஒரு பகுதியைக் குறித்தால் அது வலப்பக்கக் குறிப்போடு இணைய வேண்டும். செயலைத் திரும்பப் பெறும் அன்டூ வசதி வேண்டும். இந்தத் திரையை ரியாக்டில் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

வெண்பலகை:
குறிக்கும் அந்தப் பெட்டிக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவேன். மீதித் திரை சர்வரிலிருந்து வரட்டும்.

சுழற்குறி:
குறிக்கும் பெட்டி குறிப்புப் பெட்டியோடு பேச வேண்டும். இரண்டும் அன்டூவோடு பேச வேண்டும். ஆறு மாதத்தில் பெயரில்லாத ஒரு ஃப்ரேம்வொர்க்கை நீங்களே எழுதியிருப்பீர்கள். அதற்கு ஆவணமும் இருக்காது, தெரிந்த ஆளும் கிடைக்க மாட்டார்.

வெண்பலகை:
அந்த ஒரு திரைக்கு உங்கள் பேச்சில் பலம் இருக்கிறது, யோசிக்கிறேன். ஆனால் அந்தத் திரைக்காக மொத்தத் தளத்தையும் அப்படி எழுதுவதற்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் நடப்பது அதுதான்.

புதுவரி:
படித்துக்கொண்டே வருகிறேன், ஒரு சந்தேகம். நான் ரியாக்டில்தான் ஆரம்பித்தேன். சாதாரண ஃபார்ம் அனுப்பிய பிறகு பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால், மறுபடி அனுப்பவா என்று பிரவுசர் கேட்கிறதே. விண்ணப்பம் இரண்டு முறை பதிவாகிவிடாதா? அதற்காகவே ஜாவாஸ்கிரிப்டில் அனுப்புவது நல்லது இல்லையா?

பழைய சர்வர்:
அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை, தம்பி. போஸ்ட், அதாவது ஃபார்ம் தரவை அனுப்பும் கோரிக்கை, வந்ததும் சர்வர் பக்கத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது. பதிவு செய்துவிட்டு, 303 (வேறு முகவரியைப் பார்) என்ற பதிலோடு புது முகவரியைக் கொடுக்க வேண்டும். பிரவுசர் அந்த முகவரியை கெட் முறையில், அதாவது பக்கத்தைப் படிக்க மட்டும், கேட்கும். அதன்பின் எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் விண்ணப்பத்தைக் காட்டும் பக்கம்தான் வரும்.

சுழற்குறி:
அதோடு ஒன்று சேர்க்கிறேன். 303 ரீஃப்ரெஷுக்கு மட்டும்தான் காவல். பதில் வரும் முன் பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு போஸ்ட் போகும். ஜாவாஸ்கிரிப்டில் அனுப்பினாலும் நெட் தடுமாறி மறுமுயற்சி நடக்கும்போது இதே சிக்கல் வரும். ஃபார்மைத் தரும்போதே மறைவான ஃபீல்டில் ஒரு தனி எண் வைத்து அனுப்புங்கள். டேட்டாபேஸில் அந்த எண் இரண்டு முறை பதியாதபடி யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது முறை அதே எண் வந்தால் புதிதாகப் பதியாமல் முதல் விண்ணப்பத்தின் பக்கத்துக்கே அனுப்பிவிடுங்கள். ரியாக்டோ வெறும் ஃபார்மோ, இந்த வேலை சர்வரில்தான் நடக்க வேண்டும்.