ரேடியோவில் ஓடாத பாட்டு அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆவது எப்படி?

கணக்குப்பிள்ளை:
நேற்று ஒரு நண்பரிடம் ஆரம்பித்த சண்டையை இங்கே கொண்டுவந்து போடுகிறேன். கே-பாப் எனப்படும் கொரிய இசைக் குழுக்கள் மேற்கில் பிரபலமாகிவிட்டன என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சின்னக் கூட்டம் வெறியோடு திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்குகிறது, பட்டியலில் பெயர் மேலே ஏறுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

2019 அக்டோபரில் சூப்பர்எம் குழுவின் முதல் ஆல்பம் பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடம். விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்த கணக்கு 1,68,000 யூனிட். அதில் 1,64,000 ஆல்பமாக விற்றது, ஸ்ட்ரீமிங்கில் கேட்டது சொற்பம். விற்றதும் எப்படி? டி-ஷர்ட் வாங்கினால் ஆல்பம் கூட வரும், கச்சேரி டிக்கெட் வாங்கினாலும் கூட வரும். தீபாவளிக்குப் புடவை வாங்கினால் பை இலவசம் என்று கொடுத்துவிட்டு, பை விற்பனையில் நாங்களே முதல் என்று சொல்வது போல.

அடுத்த வருடம் டிசம்பரில் பிடிஎஸ் குழுவின் 'லைஃப் கோஸ் ஆன்' ஹாட் 100 என்ற பில்போர்டின் பாட்டுப் பட்டியலில் முதலிடம். அந்த வாரம் அமெரிக்க ரேடியோவில் அது ஒலித்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். தெருவில் போகிறவரை நிறுத்தினால் ஒரு வரியாவது முணுமுணுக்க வேண்டும். அதைத்தான் நான் பிரபலம் என்பேன்.

ஊதாநிலா:
வணக்கம் கணக்குப்பிள்ளை சார். ரேடியோ என்ன மக்கள் போட்ட ஓட்டா? எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் சிலர் முடிவு செய்கிறார்கள். கொரிய மொழிப் பாட்டு என்றால் அவர்கள் கதவையே திறப்பதில்லை. பிறகு 'ரேடியோவில் வரவில்லையே' என்று நம்மையே கேட்டால் எப்படி?

நீங்கள் கேட்கும் முறையான வழியில் போனவர்களின் கதையைச் சொல்கிறேன். 2009. கொரியாவில் உச்சத்தில் இருந்த வொண்டர் கேர்ள்ஸ் குழுவை ஜேஒய்பி நிறுவனம் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனது. ஜோனாஸ் பிரதர்ஸ் கச்சேரிகளில் அவர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் இந்தப் பெண்கள் பாடினார்கள். 'நோபடி' பாட்டை ஆங்கிலத்தில் பதிவு செய்தார்கள். சிறுமிகளுக்கான துணிக்கடைகளில் அந்த சிடியை ஒரு டாலருக்கு விற்றார்கள். கிடைத்தது ஹாட் 100-ல் 76-வது இடம். ஊரில் அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்தை அதற்குள் வேறு குழுக்கள் பிடித்துக்கொண்டன. அதே வருடம் கொரியப் பாடகி போஆவும் முழு ஆங்கில ஆல்பம் போட்டார். பில்போர்டு 200-ல் 127-வது இடம்தான்.

பிடிஎஸ் போன வழி வேறு. 2014 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ட்ரூபடோர் என்ற சின்ன அரங்கில் இலவசமாகப் பாடினார்கள், கேட்க வந்தவர்கள் 200 பேர் இருக்கலாம். 2017 மே மாதம் பில்போர்டு விருது மேடையில், 'டாப் சோஷியல் ஆர்ட்டிஸ்ட்' விருதை ஆறு வருடமாகத் தொடர்ந்து வாங்கிவந்த ஜஸ்டின் பீபரிடமிருந்து தட்டிப் பறித்தார்கள். நடுவில் இருந்த மூன்று வருடமும் வேலை பார்த்தது ரசிகர்கள். கொரிய வீடியோ வெளியான சில மணி நேரத்தில் ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்த்துகீஸ் என்று வரிகளை மொழிபெயர்த்துப் போட்டவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ரேடியோவுக்கென்றே 'பிடிஎஸ் எக்ஸ் 50 ஸ்டேட்ஸ்' என்று ஒரு குழு தனியாக வேலை செய்தது, நிலையத்தைக் கூப்பிட்டு எப்படிக் கேட்க வேண்டும் என்ற வழிமுறை உட்பட.

கணக்குப்பிள்ளை:
நீங்களே சொல்லிவிட்டீர்களே. பிரச்சாரம் செய்தார்கள் என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

பாரிஸ் பாலா:
மேற்கு என்றால் அமெரிக்கா மட்டும்தானா? 2011-ல் எஸ்எம் என்ற கொரிய இசை நிறுவனம் பாரிஸ் ஸெனித் அரங்கில் கச்சேரி அறிவித்தபோது டிக்கெட் நிமிடங்களில் காலியானது. இன்னொரு நாள் வேண்டும் என்று ரசிகர்கள் லூவ்ர் பிரமிடுக்கு முன்னால் கூடி ஆடினார்கள். இரண்டாவது நாளும் கிடைத்தது. அப்போது பில்போர்டு 200-லோ ஹாட் 100-லோ இவர்கள் கிடையாது. பட்டியலைப் பார்த்து யாரும் ரசிகர் ஆகவில்லை, ஐயா.

ஸ்காபுரோ அம்மா:
எனக்கு இந்தப் பட்டியல் எல்லாம் தெரியாது. வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் இளைய மகளுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் கடையில் ஒரே ஆல்பத்தை மூன்று அட்டையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். பாட்டு மூன்றிலும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் படம்தான் வேறாம். காரில் ஏறினதும் பொதியைப் பிரித்து, சிடியை எடுத்து மடியில் போட்டுவிட்டு, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு படத்தைத் தேடுகிறாள். அவளுக்குப் பிடித்த பையனின் படம் வரவில்லை என்று வீடு வரும் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். எங்கள் வீட்டில் சிடி போட்டுக் கேட்க ஒரு கருவியும் இல்லை!

கணக்குப்பிள்ளை:
அம்மா, நூறு வருடம் நல்லா இருங்க. மகள் ஒருத்தி, ஆல்பம் மூன்று, வாசிக்கும் கருவி பூஜ்யம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஊதாநிலா:
அவசரப்படாதீர்கள் சார். பட்டியல் விதி எப்போதும் ஒரு பக்கமாகத்தான் ஏமாற்றும் என்று நினைத்தீர்களா? 2012-ல் கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்'. உங்கள் தெருச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும் பாட்டு. கொரியன் ஒரு சொல் தெரியாதவன்கூட கல்யாண வீட்டில் அந்தக் குதிரை ஓட்டும் ஆட்டத்தை ஆடினான். அந்த வருட டிசம்பரில் யூட்யூபில் முதன்முதலாக நூறு கோடி பார்வையைத் தொட்டது. ஹாட் 100-ல்? ஏழு வாரம் இரண்டாவது இடம். ரேடியோ பலத்தோடு அமெரிக்கக் குழு மரூன் 5 மேலே உட்கார்ந்திருந்தது. யூட்யூப் பார்வையை அப்போது கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2013 பிப்ரவரியில்தான் சேர்த்தார்கள். சைக்குக் கொடுத்தது இரண்டாம் இடம் என்பது உங்கள் பட்டியலின் தப்பு.

சூப்பர்எம் உதாரணம் சரிதான், அதில் எனக்கும் சங்கடம் உண்டு. ஆனால் டி-ஷர்ட்டோடு ஆல்பம் கட்டி விற்கும் வழக்கத்தைத் தொடங்கியது கொரியர்கள் இல்லை. அமெரிக்கப் பாடகர்கள் வருடக்கணக்காகச் செய்தார்கள். அந்தக் கணக்கு செல்லாது என்று பில்போர்டு அறிவித்தது 2020-ல்தான்.

ஸ்டூடியோ பூனை:
இரண்டு பேரும் ரசிகர் கூட்டத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பாட்டைப் பற்றி யாராவது பேசலாமா?

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். மேற்கில் ரசிகர் வட்டத்தைத் தாண்டிப் பொதுமக்கள் காதுக்குப் போன கொரியப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். பிடிஎஸ்ஸின் 'டைனமைட்': 2020 ஆகஸ்ட், முழுக்க ஆங்கிலம், எழுதியவர்கள் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள், பாப் ரேடியோ பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. அப்புறம் ஃபிஃப்டி ஃபிஃப்டியின் 'கியூபிட்'. எனக்கு மிகவும் பிடித்த கேஸ் இதுதான். சின்ன நிறுவனம், அறிமுகமாகி சில மாதம்தான் ஆன நான்கு பெண்கள், சேனை மாதிரி ரசிகர் கூட்டமெல்லாம் கிடையாது. 2023-ல் யாரோ அந்தப் பாட்டின் வேகத்தைக் கூட்டி டிக்டாக்கில் ஓடவிட்டார்கள். ஆங்கில வடிவமும் கையில் இருந்தது. ஹாட் 100-ல் 17, பிரிட்டனில் 8. ஆல்பத்தை யாரும் மூன்று அட்டையில் வாங்கவில்லை.

மறுபக்கம் ஸ்ட்ரே கிட்ஸ். 2022-லிருந்து ஆல்பத்துக்கு ஆல்பம் பில்போர்டு 200-ல் முதலிடம். ஆனால் ஹாட் 100-ல் 'சக் சக் பூம்' 49-தான். ஆல்பம் பட்டியல் ஆழத்தைக் காட்டுகிறது, பாட்டுப் பட்டியல் அகலத்தைக் காட்டுகிறது. நீங்கள் ஆளுக்கொரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள்.

ஊதாநிலா:
பூனையாரே, பிளாக்பிங்க்கை எங்கே விட்டீர்கள்? 2019-ல் கோச்செல்லா என்ற பெரிய அமெரிக்க இசை விழாவில் மேடை ஏறிய முதல் கே-பாப் பெண்கள் குழு, 2023-ல் அதே விழாவின் முதன்மைக் கலைஞர்கள். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் அவர்களுக்காக மட்டும் வந்தது இல்லையே. பாட்டில் பாதிக்கு மேல் கொரியன்.

கணக்குப்பிள்ளை:
சரி, கோச்செல்லாவை ஒத்துக்கொள்கிறேன். சை விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன், அது வலிக்கிறது. ஆனால் பூனையார் சொன்னதைப் பார்த்தால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. அகலமாகப் போனதெல்லாம் ஆங்கிலம் என்றால், வென்றது கொரியப் பாட்டா, கொரியத் தொழிற்சாலையா? 2025-ல் ஹாட் 100-ல் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த 'கோல்டன்' நெட்ஃபிளிக்ஸில் வந்த ஒரு கார்ட்டூன் படத்தின் பாட்டு. படத்தில் அதைப் பாடும் குழுவே கற்பனை. கொரிய நிறுவனம் ஒன்று சேர்ந்து உருவாக்கிய கட்ஸை குழு லாஸ் ஏஞ்சலஸில் உருவானது. ஆறு பேராக அறிமுகமானார்கள், கொரியாவிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர். அதில் பாடும், நம்மவர்கள் கொண்டாடும் தமிழ் வம்சாவளி லாரா ராஜ் அமெரிக்காவில் வளர்ந்தவர். இதில் 'கே' எங்கே இருக்கிறது?

ஸ்டூடியோ பூனை:
'கோல்டன்' பாடிய மூவரில் ஒருவரான இஜே, அந்தப் பாட்டை எழுதியவர்களிலும் ஒருவர். சின்ன வயதிலிருந்து எஸ்எம் நிறுவனத்தில் பயிற்சி எடுத்தவர், அவரை அறிமுகம் செய்யாமலே அனுப்பிவிட்டார்கள். 'கே' அங்கேதான் இருக்கிறது. பாட்டில் கொரிய வரிகளும் உண்டு, காது கொடுத்துக் கேளுங்கள்.

ஊதாநிலா:
சார் இப்போது இலக்குக் கம்பத்தையே பிடுங்கி நடுகிறார். முதலில் பிரபலமே இல்லை என்றார். இப்போது பிரபலம்தான், ஆனால் கொரியன் இல்லை என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
விவாதத்தில் நகராமல் நிற்பவனோடு பேசித்தான் என்ன பயன், தோழி? ஆனால் சூப்பர்எம் கணக்கை மட்டும் நான் விடமாட்டேன். அந்த டி-ஷர்ட் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்காபுரோ அம்மா:
நான் எழுதினதை மகள் வாசித்துவிட்டாள். பெரிய சண்டை. 'ஃபோனில் நாள் முழுக்கக் கேட்கிறேன், அதை ஏன் எழுதவில்லை' என்று கேட்கிறாள். அது உண்மைதான், பள்ளிக்கூடம் போகும்போதும் காதில் மாட்டிக்கொண்டுதான் போகிறாள். கொரிய எழுத்தும் தானாகவே படித்துவிட்டாள். தமிழ்ப் பள்ளிக்குப் போகச் சொன்னால்தான் வயிற்றுவலி வருகிறது.

அது கிடக்கட்டும். டொரன்டோ பக்கம் யாரிடமாவது பழைய சிடி பிளேயர் இருந்தால் சொல்லுங்கோ. இங்கே ஆறு சிடி சும்மா கிடக்கிறது. நீங்கள் இவ்வளவு கதைத்த பிறகு எனக்கும் ஒருக்கால் போட்டுக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.