சுருள்வில்லின் அலைவுநேரம் கணக்கை விடக் கூடுதலாக வருகிறது: காற்றின் தடைதான் காரணமா?

கேள்வி:
தனிச்சீரிசை இயக்கச் சோதனை ஒன்றுக்காக, 100 கிராம் எடைக்கு 4.9 செ.மீ. நீளும் சுருள்வில்லைப் பயன்படுத்துகிறேன். அதன்படி சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 20 நியூட்டன் ஆகிறது. 200 கிராம் நிறையைத் தொங்கவிட்டால் சூத்திரப்படி அலைவுநேரம் 0.628 நொடி வர வேண்டும். ஆனால் 20 அலைவுகளுக்கு 13.2 நொடி, அதாவது ஓர் அலைவுக்கு 0.66 நொடி ஆகிறது. அந்த 20 அலைவுகளில் வீச்சும் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. தடையுறு அலைவில் அலைவுநேரம் நீளும் என்று படித்திருப்பதால், இந்த 5 விழுக்காடு வேறுபாட்டுக்குக் காற்றின் தடையே காரணம் என்று அறிக்கையில் எழுதலாமா?

மறுமொழி 1:
எழுத வேண்டாம், நீங்கள் தந்துள்ள எண்களே அதை மறுக்கின்றன. தடையினால் அலைவுநேரம் நீள்வது உண்மைதான், ஆனால் 20 அலைவுகளில் வீச்சு பாதியாகும் அளவுக்கான மென்மையான தடை, அலைவுநேரத்தை ஏறத்தாழ 0.0015 விழுக்காடு மட்டுமே நீட்டும். அதைக் கையால் இயக்கும் நிறுத்து கடிகாரத்தில் பார்க்கவே முடியாது. தடை மட்டுமே 5 விழுக்காடு நீட்ட வேண்டுமானால், ஒரே அலைவில் வீச்சு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் உங்களால் 20 அலைவுகளை எண்ணியே இருக்க முடியாது.

சுருள்வில்லை எடை போட்டுப் பார்த்தீர்களா?

மறுமொழி 2:
மேலே கேட்டதன் காரணத்தைச் சேர்த்துச் சொல்கிறேன். சூத்திரம் சுருள்வில்லுக்கு நிறையே இல்லை என்று கொள்கிறது. உண்மையில் அதன் மேல்முனை அசையாமலும் கீழ்முனை எடையின் வேகத்திலும் இருக்க, இடைப்பட்ட பகுதிகளின் வேகம் மேலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், முழு நீளத்துக்கும் தொகையிட்டால் சுருள்வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு தொங்கும் நிறையுடன் சேர்கிறது. சுருள்வில் தொங்கும் நிறையை விட மிகவும் இலேசாக இருக்கும்வரை இந்தத் தோராயம் நன்றாகவே பொருந்தும்.

கேள்வி கேட்டவர்:
சுருள்வில்லின் நிறை 60 கிராம். 20 கிராமைச் சேர்த்து 220 கிராம் என்று கணக்கிட்டால் 0.659 நொடி வருகிறது. நன்றி. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தடையைக் கூட்டுவதற்காக எடையின் அடியில் ஓர் அட்டை வட்டைப் பொருத்தி, வீச்சின் மடக்கையை அலைவுகளின் எண்ணிக்கைக்கு எதிராக வரைந்தேன். நேர்கோடு வராமல், தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கிப் பின்னர் சாய்வு தணியும் வளைகோடு வருகிறது. இதிலிருந்து தடைக் கெழுவை எப்படி எடுப்பது?

மறுமொழி 1:
மடக்கை வரைபடம் நேர்கோடாக வருவது, தடைவிசை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்போது மட்டுமே. அகன்ற அட்டை காற்றைத் தள்ளும்போது விசை வேகத்தின் இருமடியை ஒட்டிப் போகிறது; ஆகவே பெரிய வீச்சில் அலைவு விரைவாகத் தேய்ந்து, வீச்சு சிறுத்த பிறகு மெதுவாகிறது. உங்கள் வளைகோடு அதைத்தான் காட்டுகிறது. ஒரே கெழு வேண்டுமானால், வால்பகுதி நேர்கோட்டை நெருங்குகிறதா என்று பார்த்து, நெருங்கினால் அந்தப் பகுதியின் சாய்வை மட்டும் எடுத்து, எந்த வீச்சு எல்லைக்குள் அது பொருந்தும் என்பதையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள். அட்டையின் நிறையையும் சேர்க்க மறவாதீர்கள்.

எங்காவது உராய்வு இருந்தால் படம் வேறாகும்: அப்போது மடக்கை அல்ல, வீச்சே ஒவ்வோர் அலைவிலும் சம அளவு குறையும், அலைவுநேரமோ மாறாது.

மறுமொழி 2:
சுருள்வில் மாறிலியை ஒரே எடையைக் கொண்டு கண்டதும் எனக்கு உறுத்துகிறது. வளையங்கள் நெருக்கமாக ஒட்டிச் சுற்றப்பட்ட சுருள்வில், ஒரு குறிப்பிட்ட விசை வரை நீளவே நீளாது. ஐந்தாறு வெவ்வேறு நிறைகளுக்கு அலைவுநேரத்தின் இருமடியை வரைந்தால், சாய்விலிருந்து மாறிலியும், கோடு நிறை அச்சை எதிர்ப்பக்கத்தில் வெட்டும் இடத்திலிருந்து அந்த 20 கிராமும் தனித்தனியே கிடைத்துவிடும்.