அம்மாவுக்குப் படர்தாமரை: போட்டோ அனுப்பி வைத்தியம் பார்க்கலாமா?

மலைக்காரன்:
எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், நான் ஓசூரில் கம்பெனி வேலை. அம்மாவுக்கு நான்கு மாதமாக இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டதும் ஒரு டியூப் கொடுத்திருக்கிறார்கள். தடவினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது, இப்போது முதுகுவரை போய்விட்டது. தோல் டாக்டரைப் பார்க்க திருவண்ணாமலைக்கு இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போச்சு. போன தடவை போனபோது டாக்டர் லீவு. போன் வழியாக டாக்டரிடம் காட்டும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனியில் பார்க்கலாம் என்கிறார்கள். தோல் வியாதியைப் போனில் பார்த்துச் சொல்ல முடியுமா?

நர்ஸ்_அக்கா:
தம்பி, நான் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். இ-சஞ்சீவனி இலவசம். வீட்டிலிருந்தே போன் நம்பர் போட்டு டோக்கன் வாங்கலாம், இல்லை பக்கத்து நிலையத்துக்குப் போனால் அங்கிருப்பவர்கள் டாக்டரை லைனில் பிடித்துக் கொடுப்பார்கள். உங்கள் மலை சிக்னலுக்கு இரண்டாவதுதான் சரி. வீடியோ திக்கித் திக்கி வந்தால் தழும்பா தடிப்பா என்றே தெரியாது, அதனால் போட்டோ நன்றாக இருக்க வேண்டும். காலை வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், கேமராவைத் துடைத்துவிட்டு தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், தெளிவு குறையாது. அந்த டியூபையும் இரண்டு பக்கமும் எடுக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, மகனிடம் இடுப்பைக் காட்ட அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும். இங்கே எத்தனையோ பேர் கையை மட்டும் காட்டிவிட்டு, தொடை இடுக்கில் இருப்பதைச் சொல்லாமலே போகிறார்கள், அப்புறம் பாதி வைத்தியம்தான் நடக்கும். வீட்டில் ஒரு பெண் எடுக்கட்டும், முகம் வேண்டாம், அனுப்பியதும் அழித்துவிடுங்கள். ஒரு வீட்டில் தவறிப்போய் குடும்ப குரூப்புக்கே போன கதையெல்லாம் உண்டு.

தோல்_டாக்டர்:
அக்கா சொன்ன டியூப் விஷயம்தான் இதில் பாதி. கேட்டவரை வைத்துப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்பை அடக்கிவிட்டு பூஞ்சையை வளர விடும், வட்டத்தின் ஓரம் அழிந்து படர்தாமரை மாதிரியே தெரியாது, போட்டோவில் நாங்களே ஏமாந்துபோகிறோம். 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே கொண்டுவந்தார்கள், கடையில் கேட்டுப் பாருங்கள், தெரியும் நிலவரம்.

படர்தாமரை, சொறி, கரப்பான் எல்லாம் போனில் பெரும்பாலும் பிடிபடும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டலே, முதல் தடவை வீடியோவில் பார்க்கும்போதே க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து மாதிரி களிம்பு எழுதித்தர அனுமதிக்கிறது. ஆனால் வெளுத்த தேமல், அதில் உணர்ச்சி குறைவு என்றால் போன் வேண்டாம், தொட்டுப் பார்த்தால்தான் தொழுநோயா என்று சொல்ல முடியும். அதற்கு அரசு மருந்து இலவசம், பயப்படவும் வேண்டாம். அம்மாவுக்கு மருந்து கொடுத்தால் ஓரத்துக்கு வெளியேயும் தடவச் சொல்லுங்கள், மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. துண்டு தனியாக இருக்கட்டும். பாவாடை ஈரத்தோடு கட்ட வேண்டாம்.

பஸ்_ஸ்டாண்டு:
நான் ஒரு தனியார் ஆப்பில் பணம் கட்டிப் பார்த்தேன். மூன்று நிமிஷம், போட்டோவைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், சீட்டில் நாலு கிரீம், ஒரு சோப்பு. எனக்கு இருந்தது சொறி. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா, ராத்திரியில் அதிகமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கடைசியில் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து தடவச் சொல்லி அனுப்பினார்கள், அதோடு போச்சு. அதனால் டாக்டர் கேள்வி கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மலைக்காரன்:
அக்கா, டாக்டர் சார், ரொம்ப நன்றி. தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு அவளே அம்மாவை நிலையத்துக்குக் கூட்டிப்போகிறாள். டியூபை அம்மா குப்பையில் போட்டுவிட்டதாம், தேடிக்கொண்டிருக்கிறார்கள்.