திருச்சி மொட்டை மாடியில் தொட்டிப் பூச்செடிகள் பங்குனியிலேயே கருகிவிடுகின்றன

கேள்வி: மலைநாட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். உதகைக்கு அருகில் பல ஆண்டுகள் குடியிருந்துவிட்டுச் சென்ற ஆவணியில்தான் திருச்சிக்கு வந்தோம். அங்கே வாசல் நெடுகப் பெட்டூனியா, பான்சி, டயாந்தஸ் ஆகியவற்றைத் தொட்டிகளில் வளர்த்துப் பழகியவள் நான். இங்கே எங்கள் மொட்டை மாடியில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்தரை மணி வரை நிழலே விழுவதில்லை. இவ்வளவு வெயில் கிடைக்கும்போது பூவுக்குக் குறைவிருக்காது என்று நம்பி, கார்த்திகையில் இருபத்திரண்டு தொட்டிகளில் அதே செடிகளையும் சிறிது செண்டுமல்லியையும் வைத்தேன். பான்சி தொடக்கத்திலிருந்தே தேறவில்லை. பெட்டூனியாவோ தை மாதம் முழுவதும் தொட்டி தெரியாத அளவுக்குப் பூத்தது. மாசிக் கடைசியில் அதன் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின; பங்குனி பாதிக்குள் எல்லாம் போய்விட்டன. செண்டுமல்லி உயிரோடு இருந்தாலும் பூக்கள் பொத்தான் அளவுக்குச் சிறுத்துவிட்டன.

தொட்டிகள் எட்டு அங்குல அகலமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள். சிமெண்டுத் தரையிலேயே வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய தேங்காய் நார்க்கழிவோடு மண்புழு உரம் மட்டும் கலந்தேன். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் மூலம் காலையில் ஊற்றுகிறேன். நண்பகலில் செடி துவண்டால் மீண்டும் ஊற்றுகிறேன். தொட்டி விளிம்புகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. நிழல்வலை கட்டினால் போதுமா, அல்லது செடிகளையே மாற்ற வேண்டுமா? என் மாமியார் தினமும் பூசைக்கு நம் வீட்டுப் பூவையே பறித்து வைக்க ஆசைப்படுகிறார். அதனால் சித்திரை, வைகாசியிலும் ஏதாவது பூத்துக்கொண்டிருந்தால் மகிழ்வேன்.

பதில்: காவிரிக்கரை

அம்மா, உங்கள் செடிகளைக் கொன்றது மேலிருந்து விழுந்த வெயில் மட்டுமன்று. பக்கவாட்டிலிருந்தும் அடியிலிருந்தும் வேரைத் தாக்கிய வெப்பமே பெரும் காரணம் என்று நினைக்கிறேன். நிலத்தில் நட்ட செடி வேரைக் கீழே இறக்கிக் குளிர்ந்த மண்ணைத் தேடிக்கொள்ளும். எட்டு அங்குலத் தொட்டியில் உள்ள செடிக்கு அந்த வழி இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலை உறிஞ்சுகிறது, சிமெண்டுத் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் வெளியிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வேர் வெந்துபோகும்போது, மண்ணில் ஈரம் இருந்தும் அதை உறிஞ்சச் செடியால் முடிவதில்லை.

ஆகவே முதலில் தொட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். தொட்டி ஒன்றுக்கு இரண்டு செங்கல் போதும்; அடியில் காற்று புகுவதுதான் முக்கியம். முடிந்தவரை பத்து அல்லது பன்னிரண்டு அங்குல மண்தொட்டிகளுக்கு மாறுங்கள். மண்தொட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால், பானைத் தண்ணீர் குளிர்வது போலவே உள்ளிருக்கும் மண்ணும் குளிர்கிறது. அதற்கேற்ப நீர் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளை எறிய வேண்டாம். வெளிப்புறத்தில் வெள்ளை அடித்து, ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக வையுங்கள். உயரமான செடிகள் மேற்கு ஓரத்தில் நின்றால், பிற்பகல் வெயில் மற்றத் தொட்டிகளின் சுவரில் நேராக அடிக்காது. மண்ணின் மேல் காய்ந்த இலையையோ நிலக்கடலைத் தோலையோ இரண்டு விரற்கடை உயரத்திற்கு மூடி வைத்தாலே வேறுபாடு தெரியும்.

விளிம்பில் படிந்திருப்பது உப்பு. நார்க்கழிவைக் கழுவாமல் பயன்படுத்தினால் அதிலேயே உப்பு இருக்கும். அதன் மேல் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் சேர்ந்திருக்கிறது. இலை ஓரங்கள் கருகியதில் இதற்கும் பங்கு உண்டு. அடுத்த முறை நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேருங்கள். மாதம் ஒரு முறை அடித்துளை வழியே நன்றாக வடியும்படி நிறைய நீர் ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். மழை நீரைப் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

பதில்: செம்மண்பிரியன்

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நண்பகலில் செடி துவண்டால் உடனே நீர் ஊற்றாதீர்கள். மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது நீரிழப்பைக் குறைக்க இலை தொங்குவதே தவிர, தாகம் அன்று, மாலையில் தானாக நிமிர்ந்துவிடும். ஈரமான மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். அதைவிடக் கொடியது, வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் நீர். கையே பொறுக்காத சூட்டில் இருக்கும் அந்த நீரை நானும் ஒரு முறை கவனியாமல் காசித்தும்பை நாற்றுகளுக்கு ஊற்றி அத்தனையையும் இழந்தேன். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பின்பும் என்று இரண்டு வேளை ஊற்றுங்கள்.

மலைநாட்டுக்காரி

இருவருக்கும் நன்றி. குழாய் நீரைத் தொட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே கொதிக்கிறது. இதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. செங்கல் வைக்கும் வேலையை இன்றே தொடங்கிவிட்டோம். எந்தப் பூவை எந்த மாதத்தில் வைப்பது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வாடாமல்லி

பெட்டூனியாவும் டயாந்தஸும் நம் சமவெளியில் குளிர்காலச் செடிகள். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் மார்கழி முதல் மாசி வரை பூக்கும். அதற்கு மேல் அவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். பான்சியை மலைக்கே விட்டுவிடுங்கள். உங்கள் பெட்டூனியா பங்குனியில் போனதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், அதன் பருவம் முடிந்தது.

கோடைக்கு என் முதல் தேர்வு பத்துமணிப் பூ. வெயில் ஏறினால்தான் விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். சதைப்பற்றான இலை நீரைச் சேமித்துக்கொள்வதால் ஒரு நாள் நீர் தவறினாலும் தாங்கும். கிள்ளிய தண்டை மண்ணில் செருகினாலே வேர்விடும். விதை மிகவும் நுண்ணியது, மண் மூடாமல் மேலே தூவினால் போதும். இரண்டாவது, நான் இங்கே பெயராகவே வைத்துக்கொண்டிருக்கும் வாடாமல்லி. கரும்பும் கேழ்வரகும் போன்ற சி4 வகை, அதாவது சூட்டிலும் அதிக நீரை இழக்காமல் உணவு தயாரித்துக்கொள்ளும் தாவரம் என்பதால் கடும் வெயிலிலும் குறைந்த நீரில் வளரும். பறித்து இரண்டு வாரம் ஆனாலும் நிறம் மாறாது என்பதால் உங்கள் மாமியாரின் பூசைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. விதையை இரவு ஊறவைத்து விதையுங்கள். கோழிக்கொண்டையும் ஜினியாவும் கோடையைத் தாங்கும். கோழிக்கொண்டை நாற்றைச் சிறு தொட்டியில் நெடுநாள் வைத்திருந்தால் வேர் நெருக்குண்டு சின்னப் பூவோடு முடிந்துவிடும். ஆகவே நாலைந்து இலை வந்தவுடன் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஜினியாவைத் தொட்டியிலேயே நேராக விதைத்து, வாடிய பூவை ஓர் இலைக்கணுவுக்கு மேல் வெட்டிவந்தால் பக்கக் கிளைகள் பூக்கும். மார்கழிப் பனியில் அதன் இலையில் சாம்பல் நோய் வரும், அப்போது நெருக்கமாக வைக்காதீர்கள்.

செண்டுமல்லி 35 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் சிறுத்தே பூக்கும். அது உங்கள் குற்றம் அன்று. ஆடியில் விதையுங்கள், நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள், ஆயுத பூசையை ஒட்டிப் பூத்துவிடும். கோடையில் இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது செஞ்சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி; காலையில் இலையடியில் நீரைப் பீச்சியடித்துவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

இவற்றுக்கு நிழல்வலை தேவையில்லை. காசித்தும்பையையும் இளநாற்றுகளையும் வைக்க ஒரு மூலையில் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் தொட்டிகளின் அடித்தட்டுகளை எடுத்துவிட்டு, வடிதுளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். என்னிடம் சென்ற ஆண்டு எடுத்த வாடாமல்லி விதை நிறைய இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.