கடன்தகுதியா, நாணயமா?

வணக்கம். வரும் சனிக்கிழமை சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கு வகுப்பு. வங்கி எதைப் பார்த்துக் கடன் கொடுக்கிறது என்பதுதான் பாடம். நாளை கையேடு அச்சுக்குப் போகவேண்டும். கடன் கொடுக்கத் தகுந்தவரா என்பதைக் குறிக்கும் 'கிரெடிட்வொர்தினஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கடன்தகுதி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

ஈப்போவிலிருந்து:
தங்கச்சி, கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு ஏன் அலைச்சல்? நாணயம்! வட்டிக்குக் கடன் கொடுக்கும் செட்டியார் கிட்டங்கியில் "ஆள் நாணயமானவர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே.

தெலுக் இந்தானிலிருந்து:
நாணயம் வடமொழி 'நாணகம்' வழி வந்தது. 'கடன்தகவு' என்போம். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்பது குறள். பரிமேலழகர் எச்சத்துக்கு மக்கள் என்று பொருள் கொண்டார். எஞ்சி நிற்பது என்று கொண்டால், கட்டிய தவணையும் எச்சம்தானே? மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் பதிவு அறிக்கையில் வங்கி தேடுவதும் கடைசி 12 மாத எச்சத்தைத்தான்.

ஈப்போவிலிருந்து:
ஐயா, விளக்கம் அழகு. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் அதைக் 'கடன் தகவல்' என்றுதான் படிப்பார்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:
அண்ணே, நாணயம் மட்டும் வேண்டாம். போன வகுப்புக்கு ஒரு கீரைத் தோட்டக்காரர் வந்திருந்தார். மொத்த வியாபாரி கொடுத்த பில்களை ரப்பர் பேண்ட் போட்டு, மண் கறையோடு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். அவருடையது டிஓஎல் நிலம், அதாவது தற்காலிக உரிமத்தில் பயிர்செய்யும் அரசு நிலம். டிசம்பர் 31 வந்தால் உரிமம் முடிந்துவிடும், திரும்பப் புதுப்பிக்கவேண்டும். அதை அடமானமாக வைக்க முடியாது. வங்கி கைவிரித்தது அதனால்தான். அவரோ, "நான் நாணயமில்லாதவன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று தலைகுனிந்தார். ஒருவருக்கும் பாக்கி வைக்காத மனுஷர். அந்தச் சொல்லை நானே அச்சடித்து அவர் கையில் கொடுக்கமாட்டேன்.

கோலகங்சாரிலிருந்து:
விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டுக் குலை வெட்ட ஏறக்குறைய 3 ஆண்டு ஆகும். அதுவரை எவ்வளவு நல்லவரானாலும் தவணைக்கு எங்கே போவார்? அதற்காகத்தான் கட்டத் தொடங்கும் நாளைத் தள்ளிவைப்பது. பழைய தவணை, அறுவடை வருமானம், கைமுதல், நிலப் பட்டா, குலை விலை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. தோட்டத்தில் கேட்பார்களே, "இந்தக் கடன் தாங்குமா?" என்று! 'கடன் தாங்குதிறன்' என்று வையுங்கள்.

தெலுக் இந்தானிலிருந்து:
அது ஆற்றலை மட்டும் சொல்லும். கட்டவேண்டும் என்ற மனம் எங்கே? சங்கத் தமிழில் கடன் என்றால் கடமையும்தான்...

சுங்கை சிப்புட்டிலிருந்து:
ஐயா, மணி பன்னிரண்டாகிவிட்டது. வேறு நால்வர் கடன்தகுதிக்குச் சரி சொல்லிவிட்டார்கள், அதையே அனுப்புகிறேன். பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கடன் தாங்குமா என்று வங்கி போடும் கணக்கு.'

கோலகங்சாரிலிருந்து:
அந்த வரிக்கு நன்றி. ஆனாலும் 'தகுதியில்லை' என்றாலும் அவர் தலைகுனிவார், அம்மா. அடுத்த பதிப்பில் திரும்பக் கேட்பேன்.