கேஸ்கெட்டும் சீலும் ‘அடைப்பு’ என்றால், அடைப்புக்கு என்ன சொல்வது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

பழைய கார்களின் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என்ஜின் ஆயில் கசிவைச் சரிசெய்யும் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். முந்தைய அத்தியாயங்களைச் செய்தவர் கேஸ்கெட் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் வைப்பது), சீல் (சுழலும் தண்டைச் சுற்றி இருப்பது) இரண்டுக்குமே ‘அடைப்பு’ என்று போட்டுவிட்டார். இங்கே பிரீதர் வால்வு (என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுவது) அடைத்துக்கொள்ளும் கதையும் வருகிறது. அப்படியே எழுதினால், ‘வால்வில் அடைப்பு இருந்தால் அடைப்பு வழியாக ஆயில் கசியும், அடைப்பை நீக்காமல் அடைப்பை மாற்றிப் பயனில்லை’ என்றாகிறது. படிப்பவர் காரையே விற்றுவிடுவார். கேஸ்கெட்டுக்குத் தனிச்சொல் தாருங்கள்.
ந.

‘இடையடை’ எனலாம். இரண்டு பரப்புகளுக்கு இடையே கிடந்து அடைப்பது. இடை + அடை, யகர உடம்படுமெய், இலக்கணம் சுத்தம். சீலுக்குச் ‘சுழலடை’. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு ஆள் என்பது சொல்லிலேயே தெரியும்.
செ.

ஐயா, சீல் எங்கே சுழல்கிறது? கிராங்க் ஷாஃப்ட், அதாவது என்ஜினின் முதன்மைத் தண்டு, சுழலும், சீல் அசையாமல் அதன் மேல் உதட்டை அழுத்திக்கொண்டு நிற்கும். சுழன்றால் அன்றைக்கே ஆயில் முழுக்கத் தரையில்.

நான் பட்டறையில் மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறவன். எங்களுக்கு கேஸ்கெட் என்றால் ‘பேக்கிங்’. டேப்பட் கவர் (என்ஜினின் மேல்மூடி) பேக்கிங், சேம்பர் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பேக்கிங். சீல் என்றால் ஆயில் சீல். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. குழப்பமெல்லாம் வேறு இடத்தில். என்ஜினைத் துடைக்காமலேயே, அடியில் சொட்டுகிறது என்பதை வைத்து, கீழே இருக்கும் சேம்பர் பேக்கிங்கை மாற்றிவிடுவார்கள். ஆயிலோ மேலே டேப்பட் கவரிலிருந்து வழிந்து வந்திருக்கும். ஓடும்போது காற்று வேறு அதைப் பின்பக்கம் அடித்துப் பரப்பிவிடும். முதலில் கழுவ வேண்டும், கொஞ்சம் ஓட்ட வேண்டும், ஈரம் தெரியும் இடங்களில் எது உயரமானதோ அங்கிருந்து தேட வேண்டும். வால்வு விஷயமும் அப்படித்தான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே இளைத்த சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். கிராங்கின் பின்பக்க சீல் என்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அவ்வளவு வேலை பார்த்துப் புது சீல் போட்டு, வால்வைப் பார்க்காமல் விட்டால் அதுவும் கசியும். ந. எழுதிய வாக்கியம் சிரிப்பாக இருந்தாலும் உண்மை அது.
மு.

‘பேக்கிங்’ ஆங்கிலத்திலேயே வேறு பொருள். பம்புத் தண்டைச் சுற்றித் திணிக்கும் கயிறு அது. தவறான இரவலுக்கு நாம் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

நம்மிடமே சொல் இருக்கிறது: கலப்பற்று. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நார் திணித்துக் கீல் (தார்) பூசும் வேலை. கலம் + பற்று. நீரை உள்ளே விடாத அதே உத்திதான் ஆயிலை வெளியே விடாததும். பற்றுதல், பற்றாசு (உலோகத்தைப் பற்றவைப்பது) எல்லாம் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ‘கலப்பு’ என்று பிரித்தாலும் இரண்டு பலகையைக் கலப்பது என்று பொருள் வரும்.
வே.

வே. ஐயா, அந்தச் சொல் அரபு வழியாகக் கடலோடிகள் கொண்டுவந்தது என்றும் சொல்வார்கள். போர்ச்சுக்கீசியத்திலும் ‘கலஃபேட்’ என்று இருக்கிறது. பேக்கிங்கை விரட்டக் கப்பலேறி வந்தவரையா அழைப்பது? தவிர, ஒரு சொல்லை இரண்டு விதமாகப் பிரித்து இரண்டிலும் பொருள் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.
செ.

அரபிதான் நம்மிடமிருந்து எடுத்திருக்கலாமே! கலம் சங்க காலச் சொல்.
வே.

சண்டை வேண்டாம். திணிப்பது, பூசுவது என்றால் கலப்பற்று கேஸ்கெட்டுக்குப் பொருந்தாது. கேஸ்கெட் வடிவத்துக்கு வெட்டிய தகடு. ஆனால் டேப்பட் கவர் மூலைகளில் சிலிகான் கம் வைக்கிறோமே, அதற்குக் கச்சிதம். அதையும் மெல்லிசாகத்தான் வைக்க வேண்டும். பிதுங்கி உள்ளே விழுந்தால் ஆயில் உறிஞ்சும் வலையில் போய் உட்காரும். அப்புறம், கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்குகிறார்கள். அங்கே பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட், 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். அதற்கு மேல் போனால் தக்கை பேக்கிங் நசுங்கும், கவரின் விளிம்பு வளையும், முன்னைவிட அதிகமாகக் கசியும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.
மு.

இடையில் ஒரு கேள்வி. மூலத்தில், ஈரம் படர்வது ஒன்று, சொட்டுவது ஒன்று என்று வேறுபடுத்துகிறார்கள். முதலாவதைத் துடைத்துவிட்டுக் கவனித்தால் போதும், இரண்டாவதை உடனே பார்க்க வேண்டும், அதுவும் சூடான எக்ஸாஸ்ட் குழாய்மேல் விழுந்தால் தீப்பிடிக்கலாம் என்று வருகிறது. இரண்டுக்கும் ‘கசிவு’ சரியா?
ந.

படர்வதற்குப் ‘பொசிவு’. மூதுரையில் வாய்க்கால் நீர் புல்லுக்குப் பொசிகிறதே, அதே பொசிவு. சொட்டுவதற்கு ‘ஒழுக்கு’.
செ.

‘ஒழுக்கு’ என்றால் நல்ல நடத்தை என்றும் பொருள். ‘உங்கள் என்ஜினின் ஒழுக்கைக் கவனியுங்கள்’ என்று எழுதப் போகிறீர்களா? பொசிவு, கசிவு, சொட்டு போதும்.
வே.

வே. ஐயாவும் செ. ஐயாவும் ‘பொசிவு’ வரையில் ஒத்துப்போகிறார்கள். இப்போதே எழுதிவிடுகிறேன். கேஸ்கெட்டுக்கு ‘இடையடை’, முதல்முறை வரும் இடத்தில் ‘பேக்கிங் என்று பட்டறையில் சொல்வது’ என்று விளக்கம். சீல் சீலாகவே இருக்கட்டும். சிலிகான் கம்முக்குச் ‘சிலிகான் பசை’. ‘அடைப்பு’ இனி வால்வுக்கு மட்டும். எதிர்ப்பு இருந்தால் நாளை மாலைக்குள்.
ந.

எதிர்ப்பு இல்லை. கடைக்குப் போய் ‘இடையடை கொடுங்கள்’ என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று மட்டும் தெரியவில்லை.
மு.

எனக்கு எதிர்ப்பு உண்டு, பதிவு செய்யுங்கள். வாய்விட்டுச் சொன்னால் ‘இடையிடை’ என்றே காதில் விழுகிறது. ‘சீல்’ என்று விட்டதும் தோல்விதான். கலப்பற்று பற்றித் தனியாக ஒரு நீண்ட மடல் எழுதுகிறேன்.
வே.