நான்கு சிறிய எடை மெஷின்களை வைத்து ஒரு பீரோவை நிறுக்கலாமா?

மாடிவீடு:
எங்கள் காரைக்குடி வீட்டுத் தேக்கு பீரோவை முதல் மாடிக்கு ஏற்ற வேண்டும். தூக்க வருபவர்கள் எடையைக் கேட்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டு, ஆள் எடை பார்க்கும் மெஷின்கள் நான்கு சேர்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் 150 கிலோ தாங்கும். காலுக்கு ஒன்றாக வைத்துக் கூட்டினால் சரியான எடை கிடைக்குமா?

தராசுமுள்:
கிடைக்காது, பட்டவன் சொல்கிறேன். சென்ற ஆண்டு என் அலமாரியின் ஒவ்வொரு காலையும் இப்படி நிறுத்துக் கூட்டியதில் 390 கிலோ வந்தது. பிறகு அதை வண்டியில் ஏற்றி எடை மேடையில் பார்த்தேன். வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் 220தான்!

நிலையியல்:
எத்தனை மெஷின்கள் வைத்திருந்தீர்கள் ஐயா?

தராசுமுள்:
ஒன்றுதான். ஒரு கால் முடிந்ததும் அடுத்த காலுக்கு மாற்றினேன். அதனால் என்ன?

நிலையியல்:
எல்லாமே அதனால்தான். மெஷினின் உயரம் ஓர் அங்குலம் இருக்கும். ஒரு காலை மட்டும் அந்த அளவு உயர்த்தினால், விறைப்பான அலமாரி அந்தக் காலிலும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள காலிலும்தான் நிற்கும். மற்ற இரண்டில் ஒன்று பெயருக்குத் தரையைத் தொடும், இன்னொன்று தொடாமலே நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் நீங்கள் பார்த்தது மொத்த எடையில் ஏறக்குறைய பாதி. நான்கு பாதி சேர்ந்தால் இரண்டு மடங்கு. மரம் சற்று வளைந்து கொடுத்ததால்தான் 440 வரை போகவில்லை.

நான்கு மெஷின்களும் ஒரே நேரத்தில் அடியில் இருந்தால் கதை வேறு. எந்தக் கால் எவ்வளவு சுமந்தாலும், நான்கும் சேர்ந்துதான் முழு எடையையும் தாங்கியாக வேண்டும். கூட்டுத்தொகை மாறாது.

தராசுமுள்:
ஏட்டுக்கணக்கு அப்படி இருக்கலாம். ஆனால் இவை மனிதர் இரண்டு பாதங்களை ஊன்றி நிற்பதற்காகச் செய்தவை. பீரோவின் கால் ஒரு மூலையில் அழுத்தினால்? நான்கு மெஷின்களின் பிழையும் சேர்ந்தால்?

நிலையியல்:
டிஜிட்டல் மெஷினைத் திருப்பிப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் நான்கு குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் உணரி. அவை நான்கும் சேர்ந்து தருவதைத்தான் திரையில் எண்ணாகப் பார்க்கிறோம். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. பிழை மெஷினுக்கு அரைக் கிலோ என்றாலும், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் 2 கிலோ. எடை மேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும். உங்கள் 220இலும் அந்த அளவு ஐயம் உண்டு.

மாடிவீடு, மெஷினின் கண்ணாடி மேற்பரப்பில் பீரோவின் காலை நேரடியாக வைக்காதீர்கள், விரிசல் விடும். சிறு பலகை வைத்து, அதன் எடையைக் கழியுங்கள். டிஜிட்டல் மெஷின் எண்ணைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். முள் உள்ளவை கிடைத்தால் நல்லது. முதலில் ஒவ்வொன்றிலும் நீங்களே ஏறி நின்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மாடிவீடு:
இன்று காலை செய்து பார்த்தோம். நான்கும் முள் மெஷின்கள். பலகையைக் கழித்தபின் முன்கால்கள் 47, 71. பின்கால்கள் 70, 43. மொத்தம் 231. இவ்வளவு வித்தியாசமா என்று பயந்துபோய், 47 காட்டிய காலின் கீழ் மடித்த அட்டை ஒன்றைச் செருகினேன். முட்கள் நடுங்கி நின்றபோது முன்னே 58, 60; பின்னே 59, 54. கூட்டினால் மீண்டும் 231! பித்தளைப் பாத்திரங்களை வெளியே எடுத்தபின் 168. நான்கு பேர் போதும் என்று சொல்லிவிட்டேன்.

தராசுமுள்:
231 இரண்டு முறை வந்தபின் மறுக்க எனக்கு வழியில்லை. என் தவறு மெஷினை மாற்றி மாற்றி வைத்ததுதான். ஆனால் நான்கு பேர் போதாது, தம்பி. சமதரையில் ஆளுக்கு 42 கிலோ சரி. படியில் பீரோ சாயும்போது கீழே நிற்பவர்கள் கையில்தான் பாதிக்கு மேல் இறங்கும். ஆறு பேரை அழையுங்கள்.